எண்ணூர் கழிமுகம்: இடுப்பளவு தண்ணிக்கு வழிகாட்டி எதுக்கு?

வாசகர் கேள்வி, 8 ஜனவரி 2025

"எண்ணூர்ல தூண்டில் போட ஒரு காலைக்கு 1,500 ரூபாய் கேக்கறாங்க. ஆழ்கடலுக்குப் போனா படகு, டீசல்னு செலவு இருக்கு, குடுக்கலாம். இது இடுப்பளவு தண்ணி. கூகுள் மேப்பைப் பாத்தாலே ஓடை எது, திட்டு எதுன்னு தெரியுது. ராடு, ரீல் எல்லாம் என்கிட்டயே இருக்கு. கூட ஒருத்தர் வந்து நிக்கறதுக்குக் காசு குடுக்கறது வீண். மறுக்கறவங்க மறுக்கலாம்."

9 ஜனவரி 2025, இரவு

நான் மறுக்கிறேன். திருவொற்றியூரில் இருந்துகொண்டு ஒன்பது வருஷமாக எண்ணூரில் தூண்டில் போடுகிறேன். முதல் இரண்டு வருஷம் தனியாகத்தான் போனேன். அந்த இரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்தது கெளுத்தியும் பேத்தையும். நான் தேடிப் போன கொடுவா மீன் ஒன்று கூட இல்லை. மூன்றாம் வருஷம் காட்டுக்குப்பத்து மீனவ அண்ணன் ஒருவர் வழிகாட்டியாகக் கூட வந்தார். முதல் நாளே ஒன்றே முக்கால் கிலோவில் ஒரு கொடுவா. நான் இரண்டு வருஷமாக நின்ற இடத்திலிருந்து அது நூறடி கூட இருக்காது.

ஆழம் குறைந்தால் வழிகாட்டி தேவையில்லை என்று நினைப்பதுதான் தப்பு. ஆழ்கடலில் கருவி இருக்கிறது, மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று திரையில் காட்டும். கழிமுகத்தில் ஓரடி தண்ணீர் ஏறினால் மீன் ஒரு இடம், ஓரடி வற்றினால் வேறு இடம். சென்னையில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய பெரிய வெள்ளத்திலேயே, அதாவது கடல் ஏறி இறங்குகிற ஓதத்திலேயே, ஏற்றத்துக்கும் வற்றுக்கும் ஒரு மீட்டர் சுமார்தான் வித்தியாசம். சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் முழங்கால் அளவு இருக்கிற திட்டில் ஒரு மீட்டர் என்றால் அது வேறு ஊர்.

மேப்பில் தெரிகிற திட்டு போன வருஷத்துத் திட்டு. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் கொசஸ்தலை ஆறு தன் படுக்கையை மாற்றிப் போடுகிறது. பூண்டி ஏரி நிரம்பி உபரி நீரைத் திறந்தால் அது நேராக இங்கேதான் வந்து கடலில் விழும். அந்த ஒரு வாரத்தில் முகத்துவாரத்து மணல் எங்கே போகும், எங்கே சேரும் என்று எந்தப் படமும் சொல்லாது. தினமும் நடக்கிறவன் காலுக்குத்தான் தெரியும்.

எண்ணூரில் கூட்டமாக இருந்தால் பழவேற்காடு போய் ஒரு படகு எடுத்துக்கொள்ளலாம், அங்கே ஏரி பெரிசு.

10 ஜனவரி 2025

ஒன்று விட்டுப்போச்சு. "இடுப்பளவு தண்ணி" என்று நீங்கள் எழுதியதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டு இருந்தவர் நிமிராமலே சொன்னார்: "தண்ணி இடுப்பளவுதான் தம்பி. சேறு எவ்ளோன்னு கேட்டியா?"

அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து உடைந்து ஊற்றியது வருஷக்கணக்காக அடியில் படிந்திருக்கிறது. மேலே பார்த்தால் மணல் மாதிரி சாம்பல் நிறத்தில் கெட்டியாகத் தெரியும். கால் வைத்தால் தொடை வரை போகும். இழுத்தால் செருப்பு வராது, சில நேரம் காலும் வராது. தனியாகப் போய் அப்படி மாட்டி, ஏறுகிற வெள்ளத்தில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். எனக்கு நடந்திருக்கிறது. ராடைக் குறுக்கே படுக்கப் போட்டு, அதன் மேல் நெஞ்சை வைத்து ஊர்ந்து வெளியே வந்தேன். ராடு போச்சு.

12 ஜனவரி 2025

"எல்லா வழிகாட்டியும் நல்லவங்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. என் முதல் "கைடு ட்ரிப்" கதையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் எனக்கு வழிகாட்ட வருவதற்கு முன்னால் நடந்தது.

இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்துப் பணம் கட்டினேன். யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. காலையில் போனால் ஒரே ஃபைபர் போட்டில் எட்டு பேர். லைஃப் ஜாக்கெட் கேட்டேன். "முட்டி தண்ணி சார், எதுக்கு" என்றார்கள். கூட்டிப் போன பையன் இந்த ஊரே இல்லை. அன்றைக்குத்தான் அவனும் அந்த ஓடையை முதல் தடவை பார்க்கிறான் என்று எனக்கு அப்புறம் புரிந்தது.

நான் வீசிய லூர், அதாவது மீன் மாதிரி செய்த பொய் இரை, ஏதோ ஒன்றில் மாட்டியது. மூன்று கொக்கியும் சேர்ந்து மாட்டியது போலக் கனம். மீன் என்று சந்தோஷப்பட்டேன். இழுக்க இழுக்க நண்டு வலை மேலே வந்தது. பச்சை நண்டு இரண்டு அதில் மாட்டிக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் கத்தியை எடுத்து, என் ஐந்நூறு ரூபாய் லூரைக் காப்பாற்ற வலையைக் கிழித்தான். ஒரு முழம் இல்லை, இரண்டு ஆள் நீளம். நான் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்வதற்குள் முடிந்துவிட்டது.

வலைக்காரர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. படகு கரைக்கு வந்ததும் கிழிந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நேத்துதான் கட்டுனேன்" என்றார். கூட்டி வந்தவர்கள் பேசாமல் ஏறிப் போய்விட்டார்கள். நான் நின்றேன். பையில் இருந்ததைக் கொடுத்தேன், பாதி விலைக்குக் கூட வராது. மீதியை அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த வலைக்காரர்தான் அண்ணன்.

13 ஜனவரி 2025

சாமான் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஏழடி ராடு, 3000 அல்லது 4000 அளவு ரீல், 20 பவுண்டு தாங்குகிற பிரெய்டு (பின்னல் நரம்பு), முனையில் இரண்டடி கனமான தங்கூசி நரம்பு. கொடுவாவுக்குப் பல் பெரிதில்லை, ஆனால் செவுள் மூடி பிளேடு மாதிரி. மெல்லிய நரம்பைத் தலையாட்டலிலேயே அறுத்துவிடும். கையையும் அறுக்கும்.

லூர் எல்லாம் அப்புறம். உயிர் இறாலில் தொடங்குங்கள். இறாலின் தலைக்கொம்புக்குக் கீழே கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அதில் முள் பட்டால் அப்போதே சாகும். அதற்கு முன்னால், கொம்பின் அடியில் குறுக்காக ஏற்றினால் அரை மணி நேரம் உயிரோடு துள்ளும். இதை எனக்கு அண்ணன் காட்டியபோது நாலு இறாலைக் கொன்ற பிறகுதான் கை பழகியது. ஒவ்வொன்றுக்கும் அவர் "உம்" என்றார், அவ்வளவுதான்.

தூண்டில் முள்ளின் காதை, அதாவது முனைக்குக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிற குட்டிக் கூரை, குறட்டால் நசுக்கிவிடுங்கள். வலையில் மாட்டினாலும் கையில் ஏறினாலும் சுலபமாகக் கழலும். மீனுக்கும் நல்லது.

17 ஜனவரி 2025

என் 9ஆம் தேதிப் பதிவின் கடைசி வரியைத் திருத்துகிறேன். பழவேற்காட்டில் படகு எடுக்கலாம் என்று எழுதியது தப்பு. காணும் பொங்கலுக்கு அங்கே போன நண்பர் ஒருவர் சரியாகவே திட்டினார்.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறை, எங்கள் தெருவிலிருந்தே இரண்டு வேன் பழவேற்காடு போயிருந்தது. நல்லவேளை, படகில் இடம் கிடைக்காமல் கரையில் நின்றவர்கள் அவர்கள். ராத்திரி வேன் திரும்பி வரும்வரை தெருவில் யாரும் கதவைச் சாத்தவில்லை. இதை நேரில் பார்த்த நான், கை போன போக்கில் "ஒரு படகு எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறேன். மன்னிக்கவும்.

மீன்பிடிப் படகு மீன் பிடிக்கப் பதிவானது, ஆள் ஏற்ற அல்ல. ஆகவே நான் இனி சொல்வதெல்லாம் நடந்து போய், கரையிலோ திட்டிலோ நின்று போடுகிற தூண்டில் பற்றித்தான். அதற்கும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். நான் போடுகிறேன். குப்பத்துப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கத்தான் செய்வார்கள், சிரிக்கட்டும்.

பழவேற்காட்டைப் பற்றி இன்னொன்று. அங்கே பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் கிடைக்கிற இடங்களில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊருக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். வெளியாள் கண்ணுக்குத் திறந்த தண்ணீர். உள்ளே அது இன்றைக்கு ஒருவர் வீட்டு அடுப்பு. எண்ணூரிலும் ஊருக்கு ஊர் பேச்சு இருக்கிறது. மேப்பில் கோடு இருக்காது. 1,500 ரூபாயில் பாதி இதற்குத்தான் என்று நான் கணக்குப் போடுகிறேன்: எங்கே வீசக்கூடாது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பதற்கு.

31 ஜனவரி 2025

நேற்று போனோம். தை அமாவாசைக்கு மறுநாள், பெரிய வெள்ளம். விடியற்காலை ஐந்தேகாலுக்கு அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் இறங்கினேன். அண்ணன் சைக்கிளில், ஹேண்டிலில் இறால் வாளி. வாடைக் காற்று காதைக் கிள்ளியது. ரயில் பாலத்துக்குக் கீழே தண்ணீர் உள்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. செல்போன் செயலியில் ஒன்பது மணி வாக்கில் உச்சம் என்று போட்டிருந்தது. நான் அதைக் காட்டினேன்.

"அது கடலுக்கு. இங்க உள்ள வர்றதுக்கு நேரம் புடிக்கும். பத்தரைக்கு மேலதான் திரும்பும்."

ஐந்தரையிலிருந்து பத்து வரை நான் சும்மா வீசிக்கொண்டிருந்தேன். ஒரு கிழங்கான், இரண்டு பேத்தை. பேத்தை கரைக்கு வந்ததும் பந்து மாதிரி ஊதிக்கொண்டு, சாஃப்ட் பிளாஸ்டிக் லூரின் வாலைக் கத்தரித்தது போல் வெட்டியிருந்தது. அண்ணன் ஒரு தடவை கூட வீசவில்லை. அலையாத்தி வேர் ஓரத்தில் குந்தி பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்றதற்கு, "இப்ப மீன் காட்டுக்குள்ள இருக்கு. உள்ள போய் மேயுது. அத எதுக்குத் தொந்தரவு பண்ணனும்? வெளிய வரும்" என்றார்.

பத்து நாற்பதுக்குத் தண்ணீர் நின்றது. நின்றது என்றால், மிதந்த ஒரு அலையாத்தி இலை எந்தப் பக்கமும் போகாமல் இருந்த இடத்திலேயே மெல்லச் சுற்றியது. அண்ணன் பீடியை அணைத்து எழுந்தார். ஐந்து நிமிஷத்தில் அந்த இலை கடல் பக்கம் நகர ஆரம்பித்தது. பக்கத்து ஓடை, இரண்டு ஆள் அகலம்தான் இருக்கும், அதன் வாயில் தண்ணீர் பள்ளம் விழுந்து இழுத்தது. உள்ளே மேய்ந்த பொடி இறால் எல்லாம் அந்த இழுப்போடு வெளியே வருகிறது. அதை வாய் திறந்து வாங்கிக்கொள்ளத்தான் கொடுவா அங்கே நிற்கும்.

"அங்க இல்ல. அதுக்கு ஒரு முழம் இந்தாண்ட. மேல விடு, அதுவா போவட்டும்."

இறாலை ஓடைக்கு மேல்பக்கம் போட்டேன். ஈயம் இல்லை. நரம்பு தானாக இழுபட்டுப் போனது. ஓடை வாயைத் தாண்டும்போது "டப்" என்று ஒரு சத்தம், வாழைமட்டையைத் தண்ணீரில் அடித்த மாதிரி. அப்புறம் ராடு வளைந்ததுதான் தெரியும். இரண்டு தடவை முழு உடம்பும் வெளியே வந்து தலையை உதறியது. வெயிலில் வெள்ளிக்கும் பித்தளைக்கும் நடுவில் ஒரு நிறம். பத்து நிமிஷம் இருக்கும். கிட்டே வந்தபோது கண் சிவப்பாக மினுங்கியது.

அண்ணன் கையை நனைத்துக்கொண்டு, தாடையில் ஒரு கை, வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தண்ணீரிலேயே பிடித்தார். என் கையால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இரண்டு முழம் நெருங்கியது. ஐந்து கிலோவுக்குக் குறையாது என்றார்.

நான் விட்டுவிடலாம் என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மீனைத் தலை கடல் பக்கம் இருக்கும்படி பிடித்து, அது வாலை அடிக்கும்வரை பொறுத்து, விட்டார். நான் சந்தோஷமாக நின்றேன். அவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பில் ஏதோ இருந்தது. வீட்டுக்கு வந்து தூங்கும்வரை அது என்னை விடவில்லை.

1 பிப்ரவரி 2025

நேற்றைய பதிவுக்கு நிறைய கைதட்டல் வந்திருக்கிறது. எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

அந்த மீனை அண்ணன் தன் வலையில் பிடித்திருந்தால் காசிமேட்டு மீன் சந்தையில் மொத்தமாக என்ன விலை போயிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவர் வாங்கிய 1,500ஐ விட அதிகம். அதை அவர் கையாலேயே விட வைத்தேன். வெளிநாட்டு வீடியோவில் பார்த்துப் பழகிய ஒன்றை, வலை விலைக்குக் கடன் வாங்குகிற மனிதரின் வாசலில் நின்று செய்தேன்.

சாயங்காலம் போன் பண்ணிக் கேட்டுவிட்டேன். "வருத்தமா அண்ணா?"

"வருத்தம் ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா முன்னாடியே சொல்லிட்டா நல்லா இருக்கும். மனசு கணக்குப் போட்டுடுது."

அதனால் இப்போது எனக்கும் அவருக்கும் ஒரு பேச்சு. தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வோம். ஒன்றிலிருந்து மூன்று கிலோ வரைக்கும் வருகிற கொடுவா அவருடையது, நான் வீட்டுக்கு வேண்டுமென்றால் அவரிடம் சந்தை விலைக்கு வாங்கிக்கொள்வேன். அதற்குக் கீழே உள்ளதும் மேலே உள்ளதும் தண்ணீருக்கு. பெரியதை விடுகிற நாளில் கூலியோடு ஐந்நூறு சேர்த்துக் கொடுப்பேன். பெரியதை ஏன் விட வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. கொடுவா முதலில் ஆணாகத்தான் முதிரும். சில வருஷம் கழித்து, நன்றாக வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். ஐந்து கிலோ கொடுவா என்றால் அநேகமாகத் தாய், ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டை விடுகிற தாய். முகத்துவாரத்துப் பக்கம் உப்புத் தண்ணீரில் முட்டை போட்டு, குஞ்சுதான் கழிக்குள் ஏறி வரும்.

5 பிப்ரவரி 2025

"இவ்வளவு பேசறீங்க, எண்ணூர் மீனைச் சாப்பிடுவீங்களா?"

முகத்துவாரத்துப் பக்கம் பிடித்ததைச் சாப்பிடுகிறேன். பக்கிங்ஹாம் கால்வாய் வந்து சேர்கிற பக்கம் பிடித்ததைத் தொடுவதில்லை. சாம்பலில் பாதரசமும் ஈயமும் ஆர்செனிக்கும் உண்டு. அடிச் சேற்றைக் கிளறித் தின்கிற மடவையை நான் அங்கிருந்து வாங்குவதை நிறுத்தி வருஷமாகிறது. குழந்தைக்கு எண்ணூர் மீனே கொடுப்பதில்லை. இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. ஏனென்றால் அண்ணன் வீட்டில் தினமும் அதுதான் குழம்பு.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள்ளேயே வந்தது. அப்போதும் வாளி, குவளை, வெறும் கை. அந்த மாதம் நான் காட்டுக்குப்பம் போயிருந்தேன். அண்ணனின் வலை வாசலில் தொங்கியது, தார் பூசிய கயிறு போல. மூன்று தடவை சோப்புத் தூள் போட்டு அலசிவிட்டு மூக்கருகே வைத்து முகர்ந்தார். அப்புறம் மடித்து மூலையில் போட்டார். அலையாத்தி மரங்களில் எண்ணெய் ஏறி நின்ற மட்டம் ரொம்ப நாள் கறுப்புக் கோடாகத் தெரிந்தது.

அப்போது நான்கு மாதம் தூண்டில் போடவில்லை. ஆனால் மாதம் இரண்டு தடவை போய், அண்ணனோடு நடந்துவிட்டு, அதே காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்க மாட்டேன் என்றார். "வழி காட்டுனீங்கல்ல" என்றேன்.

15 பிப்ரவரி 2025

காலில் ஆறு தையல், அதனால் இந்த வாரம் வீட்டில். காரணம் காக்கா ஆழி. தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி, நம் தண்ணீருக்குச் சொந்தமில்லை. சில வருஷத்தில் அடித்தரையைப் பாய் விரித்தாற்போல் மூடிவிட்டது. மஞ்சள் மட்டி இருந்த இடமெல்லாம் இப்போது அதுதான். இறால் சேற்றில் புதைய வழியில்லை. நான் கான்வாஸ் ஷூ போட்டிருந்தேன், அதையும் தாண்டி அறுத்தது. தடித்த ரப்பர் அடி உள்ள பூட்ஸ்தான் போட வேண்டும் என்று ஜனவரி 13ஆம் தேதிச் சாமான் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள். திருக்கை படுத்திருந்தால் விலகிப் போகும். மிதித்தால்தான் வாலைச் சுழற்றும். திருக்கையோ கெளுத்தியோ குத்திவிட்டால், முள் ஆழமாக நின்றுவிட்டால் பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரி. மேலோட்டமாக இருந்தால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் ஊற வைத்து, அப்புறம் ஆஸ்பத்திரி. அந்த விஷம் சூட்டில் அடங்கும். அண்ணன் வீட்டில் இதற்கென்றே ஒரு அலுமினிய அன்னக்கூடை இருக்கிறது. மூன்று தலைமுறைக் கால் அதில் நனைந்திருக்கிறது.

கால் அறுந்த அன்றைக்கு என்னைக் கரைக்குக் கொண்டுவந்தது அண்ணன் இல்லை. இறால் தடவிக்கொண்டிருந்த இரண்டு அக்காக்கள். இருளர் பெண்கள் அங்கே வலையே இல்லாமல் கையால் இறால் பிடிப்பார்கள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்துகொண்டு, இரண்டு கையாலும் அடியைத் தடவி, கிடைத்ததைப் பல்லில் கவ்விய பறிக்கூடைக்குள் போடுவார்கள். பறி வாயில் இருப்பதால் பேச மாட்டார்கள். நான் அவர்களைச் சுற்றித்தான் வருஷக்கணக்காக லூர் வீசியிருக்கிறேன். அன்றைக்குப் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னை இரண்டு பக்கமும் தாங்கிக் கூட்டி வந்தார்கள். பெரியவர் கையைப் பார்த்தேன். என் காலில் ஒரு தடவை விழுந்த அறுப்பு அவர் விரல்களில் முழுக்க, பழையதும் புதியதுமாக.

"நீ வீசற கொக்கி எங்க விழும்னு பாத்துக்கினே இருப்பேன் நைனா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர்கள் தண்ணீரில் இருக்கிற நேரத்தில் நூறடிக்குள் வீசுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். நீங்களும் செய்யுங்கள்.

2 மார்ச் 2025

அண்ணன் இந்தப் பதிவுகளை மகள் படித்துக் காட்டக் கேட்டிருக்கிறார். ஒரு திருத்தம் சொன்னார். பத்தரைக்கு மேல் வெள்ளம் திரும்பும் என்று எழுதியதை யாரும் எல்லா நாளும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளம் நாளுக்கு முக்கால் மணி, ஒரு மணி தள்ளிப் போகும். அதோடு முகத்துவாரம் அடைந்திருக்கும் மாதத்தில் கடல் ஏறினாலும் உள்ளே ஏறாது. "வாய் தொறந்து இருக்கான்னு பாக்கணும் மொதல்ல. அப்பறம் மத்ததெல்லாம்."

இன்னொன்றும் சொன்னார். அண்ணன் என்று மட்டும் எழுதியது பிடித்திருக்கிறது, பேர் போட வேண்டாம், நம்பரும் வேண்டாம். "பத்து பேரு வந்து நின்னா நான் வலை எப்ப கட்றது?"

16 ஏப்ரல் 2025

நேற்று முதல் மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை, 61 நாள். இந்தத் தடை விசைப்படகுக்குத்தான். கழிக்குள் கை வலை போடுகிறவருக்கு இல்லை. ஆகவே தூண்டிலுக்கும் தடை இல்லையே, வழிகாட்டி கிடைப்பாரா என்று நான்கு பேர் கேட்டாச்சு.

கிடைக்க மாட்டார். காசிமேட்டில் விசைப்படகு கட்டிக் கிடக்கிற இந்த இரண்டு மாதத்தில்தான் நாட்டு மீனுக்கு விலை ஏறும். அண்ணனுக்கு வருஷத்தில் கையில் காசு நிற்கிற காலம் இதுதான். ஒரு காலை முழுக்க என் பக்கத்தில் நிற்கச் சொல்ல எனக்கு வாய் வராது. நானும் ஜூன் பாதி வரை போகப் போவதில்லை.

ஜனவரியில் அந்த முதல் கேள்வியைக் கேட்ட நண்பர் இரண்டு வாரம் முன்பு என்னோடு ஒரு தடவை வந்தார். அவர் சொல்லச் சொன்னதால் எழுதுகிறேன். ஒரு மீனும் மாட்டவில்லை, தண்ணீர் கலங்கல். நாலு மணி நேரமும் அண்ணன் பின்னாலேயே நடந்து, எங்கே கால் வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது ஓரிடத்தில் மட்டும் அண்ணனுக்கு முன்னால் போகப் பார்த்தார். அண்ணன் பேசாமல் தன் கையிலிருந்த மூங்கில் கழியை அவர் முன்னால் ஊன்றினார். கழி, அழுத்தாமலே, முக்கால்வாசி இறங்கிப்போனது.

நண்பர் ஸ்டேஷனுக்கு வரும்வரை பேசவில்லை. கும்மிடிப்பூண்டி வண்டி போய், சென்ட்ரல் வண்டி வரும்போதுதான் கேட்டார்: "ஜூன் மாசம் அமாவாசை என்னைக்கு?"

25ஆம் தேதி. மறுநாள் போகிறோம். இரண்டு லைஃப் ஜாக்கெட் நான் எடுத்து வருகிறேன். பூட்ஸ் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.